அளந்ததை அளந்தபடி எழுதியவர் – கே-லூசாக்

(அறிவியல் மேதைகள் பகுதி)



வேதியியல் புத்தகத்தில் 'வாயு நிலைமை' பாடத்தைத் திறந்தாலே வரிசையாகப் பெயர்கள் வரும். பாயில் விதி, சார்லஸ் விதி, கே-லூசாக் விதி, அவகாட்ரோ விதி... தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி எது யாருடைய விதின்னு குழம்பாதவங்க நம்மில் யாராவது உண்டா?

இந்தக் குழப்பத்துக்குள்ளே ஓர் ஆச்சரியம் ஒளிஞ்சிருக்கு. சார்லஸ் விதியைச் சரியாக அளந்து, எண்ணோடு எழுதி, அச்சிலே வெளியிட்டவர்களில் முக்கியமானவர் சார்லஸ் இல்லை! கே-லூசாக்! அப்படியானால் அதுக்கு ஏன் சார்லஸ் பெயர்? யாராவது ஏமாற்றி விட்டார்களா? இல்லவே இல்லை. அந்தப் பெயர் அங்கே வரக் காரணமே கே-லூசாக்தான். எப்படி என்பதைத்தான் இந்தத் தாளில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான தாள்தான். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் மீதி என்று படித்து விடுங்களேன்!

★ பெயரே ஒரு கதை ★

ஜோசப் லூயி கே-லூசாக் 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பிரான்சு நாட்டில் செயின்ட் லெயோனார் டி நோப்லா என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா ஆந்துவான் கே ஒரு வழக்கறிஞர். மன்னர் ஆட்சியில் அரசு வழக்கறிஞராகவும் இருந்தவர்.

குடும்பப் பெயர் 'கே' மட்டும்தான். 'லூசாக்' என்பது அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்த ஒரு சிற்றூரின் பெயர். அதையும் அப்பா தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆக, நாம் ஒரே பெயராகச் சொல்லும் கே-லூசாக் என்பதில் பாதி குடும்பம், பாதி ஊர்!

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அப்போது சிறுவனுக்குப் பத்து வயது. மன்னருக்கு வேலை பார்த்தவர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்த காலம் அது. 1793-இல் அப்பாவைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட எத்தனையோ பேரின் தலை கில்லட்டினில் போன நேரம். வீட்டில் என்ன பயம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வேளையாக 1794-இல் அப்பா உயிரோடு விடுதலையானார்.

பிறகு பையனைப் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார்கள். 1797-இன் கடைசியில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற புகழ்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தது. புரட்சிக்குப் பிறகு புதிதாகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. பரிட்சையில் தேறினால்தான் உள்ளே போக முடியும்.

★ குருவுக்கு எதிராக வந்த விடை ★

அங்கே படித்து முடித்தவரைப் பெர்த்தொல்லே என்ற பெரிய வேதியியல் அறிஞர் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பாரிசுக்குப் பக்கத்தில் ஆர்க்கேய் என்ற ஊரில் பெர்த்தொல்லேக்கு ஒரு வீடும், அதிலேயே ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தன.

கே-லூசாக்கின் நண்பரும் விஞ்ஞானியுமான அராகோ ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். பெர்த்தொல்லே தன் கருத்து ஒன்றை உறுதி செய்வதற்காக ஒரு சோதனையைச் செய்து பார்க்கும்படி இந்த இளைஞரிடம் சொன்னாராம். செய்து பார்த்தால் விடை நேர் எதிராக வந்தது! இப்போ என்ன பண்றது? குருவோ ஊரறிந்த பெரியவர். இவரோ வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. விடையைக் கொஞ்சம் 'சரி' பண்ணி எழுதினால் யாருக்குத் தெரியப் போகுது?

கே-லூசாக் அப்படிச் செய்யவில்லை. வந்த விடையை வந்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தார். பெர்த்தொல்லே கோபப்படவில்லை. தன் கருத்து தோற்றதைப் பற்றி வருத்தப்படவும் இல்லை. இந்தப் பையன் புதியன கண்டுபிடிக்கவே பிறந்தவன் என்று மகிழ்ந்து, தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். நல்ல மாணவருக்கு நல்ல குரு வாய்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

★ மூன்று அளவுகள், ஒரு முடிச்சு ★

வாயுவைப் பற்றி அதுவரை என்ன தெரிந்திருந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு வாயுவைப் பற்றிச் சொல்ல மூன்று அளவுகள் முக்கியம். அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி. ஒன்றை இழுத்தால் மற்றது அசையும். அதனால் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கவனிப்பதுதான் வழி.

முதலில் வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில். வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் கனஅளவு பாதியாகும் என்று 1662-இல் வெளியிட்டார்.

அடுத்து, கனஅளவைப் பிடித்துக்கொண்டவர் பாரிசின் கியோம் அமோன்டான். சிறு வயதிலேயே காது கேளாமல் போனவர். மூடிய கலத்தில் உள்ள காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும் என்பதை 1700 வாக்கிலேயே பார்த்துவிட்டார். காலையில் நல்லா காற்றடிச்ச சைக்கிள் டயரு மத்தியான வெயிலில் இன்னும் கல்லு மாதிரி ஆகுதே, அதுதான் இது!

மீதி இருந்தது ஒன்று. அழுத்தத்தை மாற்றாமல் சூடாக்கினால் கனஅளவு எவ்வளவு பெருகும்? பெருகும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் சண்டை. ஒருவர் அளந்தால் ஓர் எண், இன்னொருவர் அளந்தால் வேறு எண். காற்றுக்கு ஒரு கணக்கு, ஹைட்ரஜனுக்கு ஒரு கணக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

★ உள்ளே புகுந்த திருடன் ★

இந்தச் சண்டையைத் தீர்க்க இறங்கியபோது கே-லூசாக்குக்கு 23 வயது. அவர் முதலில் கேட்டது, மற்றவர்களின் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வியைத்தான். விடை என்ன தெரியுமா? தண்ணீர்!

ஆமாம். கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் போதும். சூடாக்கும்போது அது நீராவியாக மாறும். நீராவி இடத்தை அடைத்துக்கொள்ளும். அளப்பவர் வாயு பெருகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் பெருகியதில் ஒரு பங்கு திருட்டுத்தனமாக உள்ளே வந்த நீராவி.

எனவே கே-லூசாக் கலங்களையும் வாயுக்களையும் நன்றாக உலர்த்தினார். வாயு நிரப்பிய கலத்தைக் கொதிநீரில் வைத்தார். பெருகிய வாயு குழாய் வழியாக வெளியேறியது. திருகை மூடிவிட்டுக் கலத்தைக் குளிர வைத்தார். சுருங்கிய வாயு விட்டுக்கொடுத்த இடத்தில் தண்ணீரை ஏற விட்டு, அந்தத் தண்ணீரை எடை போட்டார். எவ்வளவு தண்ணீர் ஏறியதோ அவ்வளவு வாயு வெளியே போயிருக்கிறது! எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்.

காற்று, ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் என ஒவ்வொன்றாக அளந்தார். நீரில் கரையும் அம்மோனியா போன்ற வாயுக்களையும் விடவில்லை. ஈதர் ஆவியைக்கூட அளந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே விடை! 0 டிகிரியில் 100 பங்காக இருந்த வாயு, 100 டிகிரி செல்சியசில் சுமார் 137.5 பங்கு ஆனது. எந்த வாயுவாக இருந்தாலும் சரி.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இரும்பும் செம்பும் ஒரே அளவு விரிவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒரே அளவு விரிவதில்லை. ஆனால் வாயுக்கள் மட்டும் சாதி பேதம் பார்க்காமல் ஒரே அளவு விரிகின்றன. அப்படியென்றால் வாயுக்களுக்குள் ஏதோ ஒரு பொதுத்தன்மை இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சந்தேகத்தின் விதை இங்கேதான் விழுந்தது. ஆண்டு 1802. கிட்டத்தட்ட அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஜான் டால்டனும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

★ பெயரை எடுத்துக் கொடுத்தவர் ★

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். சார்லஸ் யார்?

ஜாக் சார்லஸ் (பிரெஞ்சு உச்சரிப்பில் ஷார்ல்) பாரிசில் இயற்பியல் விளக்கச் சொற்பொழிவுகளுக்குப் பேர் போனவர். ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை முதலில் பறக்க விட்டவர். 1783 ஆகஸ்ட் 27-இல் ஆளில்லாமல் அவர் விட்ட பலூன் கோனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. ஊர் மக்கள் ஏதோ பூதம் வந்துவிட்டது என்று பயந்து அதை அடித்துக் கிழித்துவிட்டார்கள்! அதே ஆண்டு டிசம்பர் 1-இல் சார்லசே பலூனில் ஏறிப் பறந்தார்.

அவர் 1787 வாக்கில் சில வாயுக்களைச் சூடாக்கிப் பார்த்தார். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, காற்று ஆகியவை ஒரே அளவு விரிவதைக் கவனித்தார். நீரில் நன்றாகக் கரையும் வாயுக்கள் மட்டும் வேறு வேறு மாதிரி விரிவதாக நினைத்தார். ஆனால் இவற்றில் எதையும் எழுதி வெளியிடவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

ஏறக்குறைய 15 ஆண்டு கழித்து, இந்தச் செய்தி தற்செயலாகக் கே-லூசாக் காதுக்கு வந்தது. இங்கேதான் பாருங்கள். சார்லஸ் ஒரு வரிகூட அச்சில் போடவில்லை. அவர் செய்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 23 வயது இளைஞருக்கு அதுதான் முதல் பெரிய கட்டுரை. பேர் எடுக்க வேண்டிய நேரம். இருந்தும் கே-லூசாக் தன் கட்டுரையிலேயே, தனக்கு முன்பே சார்லஸ் இதைக் கவனித்திருக்கிறார் என்று தெளிவாக எழுதினார். சார்லஸ் எங்கே சரி, எங்கே தவறினார் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

அந்த ஒரு பத்தியால்தான் உலகம் அதைச் சார்லஸ் விதி என்று சொல்கிறது. நாமும் தேர்வில் அப்படியே எழுதுகிறோம். இன்னொரு வேடிக்கை, அமோன்டான் முதலில் பார்த்த அழுத்தம்–வெப்பநிலை தொடர்பைப் பல பாடநூல்கள் கே-லூசாக் விதி என்று சொல்கின்றன. தன் விதி அடுத்தவர் பெயரில், அடுத்தவர் விதி தன் பெயரில்!

★ தலைக்கு மேலே 7 கிலோமீட்டர் ★

ஆய்வுக்கூடத்தில் அளந்தது போதாது என்று வானத்திலேயே அளக்கக் கிளம்பினார். 1804 ஆகஸ்டில் பியோ என்ற நண்பருடன் ஹைட்ரஜன் பலூனில் ஏறினார். மேலே போகப் போகப் பூமியின் காந்தசக்தி குறைகிறதா என்று பார்ப்பது நோக்கம். சில தேனீக்கள், பறவைகளைக்கூட எடுத்துப் போனார்கள். சுமார் 4,000 மீட்டர் வரை போனார்கள். காந்தசக்தி குறைவதாகத் தெரியவில்லை.

அந்த உயரம் அவருக்குப் போதவில்லை. எடை குறைந்தால் இன்னும் மேலே போகலாமே! எனவே 1804 செப்டம்பர் 16-ஆம் நாள் தனியாகவே ஏறினார். பாரிசிலிருந்து கிளம்பி 7,016 மீட்டர் உயரம் வரை போனார்! ஆக்சிஜன் முகமூடி கிடையாது. பாராசூட் கிடையாது. ஒரு கூடை, சில கருவிகள், ஒரு நோட்டு, அவ்வளவுதான். அந்த உயரத்தை மனிதர் தாண்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

மேலே என்ன ஆச்சு? தரையில் சுமார் 28 டிகிரி இருந்த வெப்பநிலை மேலே மைனஸ் 9.5 டிகிரிக்குப் போய்விட்டது. பாரிசில் 76 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நின்ற பாதரசம் மேலே சுமார் 33 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. மூச்சு வாங்கியது. நாடித்துடிப்பு வேகமானது. கை விறைத்தது. தொண்டை வறண்டு ஒரு துண்டு ரொட்டியை விழுங்குவதே கஷ்டமாக இருந்தது. அந்த நிலையிலும் அளவுகளை எழுதிக்கொண்டே இருந்தார்!

6,000 மீட்டருக்கு மேலே, காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையைத் திறந்து அங்கிருந்த காற்றைப் பிடித்து மூடினார். கீழே கொண்டுவந்து சோதித்தபோது ஆக்சிஜனின் பங்கு பாரிசுத் தெருக் காற்றில் உள்ள அதே பங்குதான். அப்போ மேலே மூச்சு திணறுவது ஏன்? காற்றின் கலவை மாறவில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைந்துவிட்டது. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. மலை ஏறுபவர்களுக்கு இன்றும் இதே காரணம்தான்.

ஒரு வேடிக்கையையும் அராகோ சொல்லியிருக்கிறார். இன்னும் மேலே போவதற்காகக் கூடையில் இருந்த ஒரு வெள்ளை மர நாற்காலியைக் கே-லூசாக் கீழே தூக்கிப் போட்டாராம். அது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்துப் புதரில் விழுந்ததாம். நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் எதுவும் தெரியவில்லை. சொர்க்கத்திலிருந்துதான் வந்திருக்கணும் என்று ஊரே பேசியது. ஆனால் சொர்க்கத்துத் தச்சர் இவ்வளவு மோசமாகவா நாற்காலி செய்வார் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லையாம்!

★ நாமும் கணக்குப் போடுவோமா? ★

அந்தப் பலூனின் எண்களை வைத்தே மூன்று அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். தரையில் 1 லிட்டர் வாயு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

• அழுத்தம் 76-இலிருந்து 33-க்குக் குறைகிறது. பாயில் சொன்னபடி கனஅளவு 76 ÷ 33, அதாவது சுமார் 2.3 லிட்டராகப் பெருக வேண்டும்.

• ஆனால் குளிரும் சேர்ந்து வருகிறதே! 28 டிகிரி என்பது 301 கெல்வின். மைனஸ் 9.5 டிகிரி என்பது சுமார் 264 கெல்வின். சார்லஸ் விதிப்படி கனஅளவு 264 ÷ 301, அதாவது சுமார் 0.88 மடங்காகச் சுருங்க வேண்டும்.

• இரண்டையும் பெருக்கினால் 2.3 × 0.88 = சுமார் 2 லிட்டர்.

ஆக, தரையில் 1 லிட்டராக இருந்த வாயு அங்கே 2 லிட்டர்! ஒரு விதி பெருக்குகிறது, இன்னொரு விதி கொஞ்சம் சுருக்குகிறது. இதனால்தான் உயரே போகும் பலூனைத் தரையிலேயே முட்ட முட்ட நிரப்ப மாட்டார்கள். நிரப்பினால் மேலே போய் வெடித்துவிடும்.

★ எளிய எண்கள் ★

பலூனில் பிடித்த காற்றைப் பார்த்த பிறகு, காற்றிலுள்ள ஆக்சிஜனை இன்னும் துல்லியமாக அளக்கும் ஆசை வந்தது. அப்போது அமெரிக்கக் கண்டத்தைச் சுற்றித் திரும்பிய ஹம்போல்ட் பாரிசுக்கு வந்தார். இதில் ஒரு சிக்கல். ஹம்போல்ட் முன்பு செய்த காற்று ஆய்வைக் கே-லூசாக் கடுமையாகக் குறை சொல்லி எழுதியிருந்தார்! ஆனால் நேரில் சந்தித்ததும் ஹம்போல்ட் தானே முன்வந்து நட்புக் கை நீட்டினார். இருவரும் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

1805-இல் இருவரும் சேர்ந்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மின்பொறியால் இணைத்துப் பார்த்தார்கள். 100 பங்கு ஆக்சிஜனுக்கு 200 பங்கு ஹைட்ரஜன் தேவைப்பட்டது. ஒன்றுக்கு இரண்டு. என்ன ஒரு சுத்தமான எண்! மற்ற வாயுக்களும் இப்படித்தான் சேருமோ என்று கே-லூசாக் மேலும் தேடினார். 1 பங்கு நைட்ரஜனும் 3 பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் 2 பங்கு அம்மோனியா. 2 பங்கு கார்பன் மோனாக்சைடும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 பங்கு கார்பன் டை ஆக்சைடு. எங்கே பார்த்தாலும் 1, 2, 3 என்ற சின்ன முழு எண்கள்தான். இதை 1808-இன் கடைசி நாளில் பாரிசு அறிஞர் கூட்டம் ஒன்றில் அறிவித்தார்.

அணுக்கொள்கை தந்த டால்டன் இதை ஏற்கவில்லை. கே-லூசாக்கின் அளவில் தவறு இருக்கும் என்று நினைத்தார். ஆனால் இத்தாலியின் அவகாட்ரோ 1811-இல் முடிச்சை அவிழ்த்தார். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம், ஒரே கனஅளவு என்றால், எந்த வாயுவானாலும் அதில் ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள்தான் இருக்கும் என்றார். எல்லா வாயுவும் ஏன் ஒரே அளவு விரிகிறது என்ற பழைய சந்தேகத்துக்கும் இதில் ஒரு துப்பு கிடைத்தது. அதை உலகம் ஏற்க இன்னும் 50 ஆண்டு ஆனது வேறு கதை. கே-லூசாக்கின் எண்கள் இல்லாவிட்டால் அவகாட்ரோவுக்குப் பிடிப்பதற்கு நூலே கிடைத்திருக்காது.

★ ரத்தமும் சிரிப்பும் ★

சோதனைச்சாலை வாழ்க்கை சுகமானதல்ல. 1808-இல் தேனார் என்ற நண்பரோடு சேர்ந்து பொட்டாசியத்தை அதிக அளவில் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். போரான் தனிமத்தையும் இருவரும் பிரித்தார்கள். அதே ஆண்டு பொட்டாசிய வேலையின்போது ஒரு பெரிய வெடிப்பு. கே-லூசாக்கின் கண்கள் பாதிக்கப்பட்டுப் பல நாட்கள் பார்வையில்லாமல் படுத்திருந்தார். அதன் பிறகும் கண்கள் பலவீனமாகவே இருந்தன. அவர் செய்த அத்தனை நுட்பமான அளவுகளில் பெரும்பகுதி அந்தக் கண்களோடு செய்ததுதான்!

ஒரு துணிக்கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் மேசைக்கு அடியில் வைத்து ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். என்ன புத்தகம் என்று கேட்டார். வேதியியல் புத்தகம்! அந்த ஜெனவியேவ் ரோஜோவைத்தான் 1809-இல் திருமணம் செய்துகொண்டார். கடைசிவரை ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

அவருடைய ஆய்வுக்கூடம் தரைத்தளத்தில் ஈரம் சுரக்கும் இடம். காலில் மரக்கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாராம். பின்னாளில் பெரிய வேதியியல் அறிஞரான லீபிக், இளைஞராக இருந்தபோது ஜெர்மனியிலிருந்து வந்து இவரிடம் பயிற்சி பெற்றார். ஒரு சோதனை நல்லபடியாக முடிந்தால், அமைதியான இந்த மனிதர் லீபிக்கைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஆடுவாராம்! விடை சரியாக வந்தால் நமக்கும் அப்படித்தானே தோணுது?

★ நம்ம லேப்பில் கே-லூசாக் ★

நண்பர்களே, நம் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட், பிப்பெட் இரண்டையும் கழுவாத நாள் உண்டா? அந்த இரண்டு பெயர்களையும் 1824-இல் ஒரு கட்டுரையில் எழுதிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கே-லூசாக்தான்.

பாரிசு நாணயச் சாலையில் வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அதுவரை வெள்ளியை உலையில் உருக்கித்தான் சோதித்தார்கள். அதில் கொஞ்சம் வெள்ளி காணாமல் போகும். கே-லூசாக் நாணயத்தின் சிறு பகுதியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். அதில் அளவு தெரிந்த உப்புக் கரைசலைச் சேர்த்தார். வெள்ளை வீழ்படிவு விழுந்துகொண்டே வரும். இனி விழாது என்ற சொட்டில் நிறுத்தி, செலவான கரைசலைப் பார்த்தால் வெள்ளியின் அளவு தெரியும். உப்பும் தண்ணீரும் போதும்! இன்று நாம் செய்யும் தரம்பார்த்தலுக்கு அவர் போட்ட பாதை அது.

மதுவில் ஆல்கஹால் எவ்வளவு என்று காட்டும் கருவியையும் செய்தார். அயோடின் ஒரு தனிமம்தான் என்று நிறுவியவர்களில் ஒருவர். சல்பியூரிக் அமிலத் தொழிற்சாலையில் வீணாகிப் போகும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்து மீண்டும் பயன்படுத்த ஒரு கோபுரத்தையும் வடிவமைத்தார். அதற்கு அவர் பெயரே வைத்தார்கள்.

★ 267-லிருந்து 273 ★

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். கே-லூசாக்கின் எண் சரியா?

100 பங்கு 137.5 ஆகிறது என்றார். அதாவது ஒவ்வொரு டிகிரிக்கும், 0 டிகிரியில் உள்ள கனஅளவில் ஏறக்குறைய 267-இல் ஒரு பங்கு. பின்னால் வந்த ருட்பெர்க், மாக்னஸ், ரெனோ போன்றவர்கள் இன்னும் நுட்பமாக அளந்து அது 136.6-தான் என்று கண்டார்கள். அதாவது 273-இல் ஒரு பங்கு. நாம் செல்சியசோடு கூட்டுகிறோமே 273, அது இதுதான்! அப்படிச் சுருங்கிக்கொண்டே போனால் மைனஸ் 273 டிகிரியில் கனஅளவே இல்லாமல் போக வேண்டுமே என்ற கேள்வி எழுகிறது. உண்மையில் வாயுக்கள் அதற்கு முன்பே திரவமாகிவிடும். ஆனால் அதற்குக் கீழே வெப்பநிலையே கிடையாது. அந்த எல்லையிலிருந்து தொடங்கும் வெப்பநிலை அளவை 1848-இல் கெல்வின் முன்வைத்தார். அப்போது கே-லூசாக் உயிரோடுதான் இருந்தார்.

அப்போ அவர் தோற்றுவிட்டாரா? இல்லை! என்ன செய்தார், எப்படி அளந்தார், என்ன வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் அடுத்தவர்கள் அதே வழியில் போய் அதைத் திருத்த முடிந்தது. வராத எண்ணை வந்ததாக எழுதியிருந்தால் எதைத் திருத்துவது?

1850 மே 9-ஆம் நாள் பாரிசில் கே-லூசாக் காலமானார். தான் எழுதிக்கொண்டிருந்த ஒரு வேதியியல் நூல் முடிவு பெறாததால், அதைத் தீயிலிடச் சொல்லி மகனைக் கேட்டுக்கொண்டார் என்று அராகோ எழுதியிருக்கிறார். உறுதிப்படாத எதையும் தன் பெயரில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை போலும். பாரிசின் ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது.

★ நமக்கு என்ன? ★

செய்முறை வகுப்பில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். நமக்கு 18.7 மில்லி வரும். பக்கத்து மேசையில் 20.1 வரும். எல்லோருக்கும் 20.1 என்று தெரிந்ததும் நம்ம ரெக்கார்டு நோட்டிலும் அது 20.1 ஆகிவிடும். மதிப்பெண் கிடைக்கும், சரிதான். ஆனால் அந்த 18.7 ஏன் வந்தது? பிப்பெட்டைச் சரியாக அலசவில்லையா? பியூரெட் முனையில் காற்றுக்குமிழி இருந்ததா? அல்லது பக்கத்து மேசைதான் தப்பா? அழித்து எழுதிய நொடியிலேயே இந்தக் கேள்விகள் எல்லாம் செத்துப் போகின்றன.

எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டதால்தான் கே-லூசாக் அந்த ஈரத்தைக் கண்டுபிடித்தார். மற்றவர்களின் எண்ணைக் காப்பியடித்திருந்தால் சார்லஸ் விதி அவர் கைக்கு வந்தே இருக்காது. ஆசிரியர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். வந்த விடையை வந்தபடி எழுதி, ஏன் அப்படி வந்தது என்று காரணமும் எழுதும் மாணவருக்கு, பெர்த்தொல்லே போல ஒரு புன்னகையும் ஒரு மதிப்பெண்ணும் கொடுங்களேன்!

அடுத்த முறை தேர்வில் சார்லஸ் விதி என்று எழுதும்போது, அந்தப் பெயரை அங்கே எழுதி வைத்த 23 வயது இளைஞரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்வோம்.

~~~~~~~~~~~~~~~~~~~~

மூளைக்கு வேலை:
27 டிகிரி செல்சியசில் 300 மில்லி வாயு இருக்கிறது. அழுத்தம் மாறாமல் 127 டிகிரிக்குச் சூடாக்கினால் கனஅளவு என்ன? (குறிப்பு: முதலில் 273-ஐக் கூட்ட மறக்காதீங்க!)

விடை: 400 மில்லி. 300 கெல்வின் 400 கெல்வினாக மாறுகிறது. கனஅளவும் அதே விகிதத்தில் ஏறுகிறது. விடையை முதலில் பார்த்தவர்கள், தயவுசெய்து மறுபடியும் செய்து பார்க்கவும்!

– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு